மூடிய கலமும் விலகிய கையும்: ஜார்ஜியக் குடும்ப ஒயினும் காணிக்கை பற்றிய கேள்வியும்

ஒரு பொருளை இறைவனுக்குக் காணிக்கையாக வைப்பவர், அப்பொருளைத் தம்முடையது என்று கொள்ளும் உரிமையை எங்கிருந்து பெறுகிறார் என்பது சமயச் சிந்தனையின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். தம்முடையது அல்லாததை எவரும் கொடுக்க முடியாது. மண்ணும் மழையும் வெயிலும் விதையும் இறைவனுடையவை என்று நம்புபவரோ, அவற்றிலிருந்து விளைந்ததைத் தம்முடையது என்று சொல்லிக் கொடுக்கவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கக் கிறித்தவ இறையியலாளர் பலர் நூல்களில் முயன்றுள்ளனர் என்றாலும், எவரும் எழுதி வைக்காமல் ஒரு தொழிலின் நடைமுறைக்குள்ளேயே பொதிந்து கிடக்கும் விடைகளும் அதே அளவுக்கு ஆராயத்தக்கவை. காக்கசஸ் மலைத்தொடரின் தெற்கே உள்ள ஜார்ஜியா நாட்டில், குடும்பங்கள் தங்கள் வீட்டு மண்ணில் புதைத்த கலங்களில் ஆக்கி வரும் இனிப்பற்ற சிவப்பு ஒயின் அத்தகைய விடை ஒன்றைக் கொண்டிருக்கிறது. ஒரு பொருளிலிருந்து எப்போது கையை எடுக்க வேண்டும் என்று அறிந்திருப்பதால்தான் அதனைக் கொடுக்கும் தகுதியை மனிதர் பெறுகிறார் என்பதே அந்த விடை. அதை விளங்கிக்கொள்ள முதலில் தொழிலையும் பின்னர் இறையியலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜார்ஜியாவில் இத்தொழிலின் தொன்மை தொல்லியலால் நிறுவப்பட்ட ஒன்று. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கதாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்னும் புதிய கற்காலக் குடியிருப்பு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் தார்த்தாரிக் அமிலத்தின் எச்சம் கண்டறியப்பட்டு, அம்முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலம்தான். ஆனால் புளிய மரம் வளராத அந்த நிலப்பகுதியில் அது திராட்சையின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. அந்த ஓடுகளின் காலம் கி.மு. 6000ஐ ஒட்டியது. இன்று நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி கிழக்கே, அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய ககேத்தி மாநிலத்தில் இருக்கிறது. 500க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகளை உடைய அந்நாட்டில் சிவப்பு ஒயினுக்குத் தலையாயது சாப்பெராவி என்னும் வகை. பெரும்பாலான கருந்திராட்சைகளில் நிறம் தோலில் மட்டுமே இருக்க, சாப்பெராவியில் சதையும் சிவந்திருப்பதால் அதன் சாறு பிழிந்தவுடனேயே செந்நிறமாக வழிகிறது. புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த அந்தச் சாறு, பல ஆண்டுகள் கெடாமல் நிற்கும் ஒயினைத் தருகிறது.

ஒயினை ஆக்கும் கலத்துக்கு க்வெவ்ரி என்று பெயர். முட்டை வடிவில், அடி கூம்பி, கைப்பிடி இல்லாமல் அமைந்த இந்தப் பெரிய மட்கலத்தைச் சக்கரத்தில் வனைவதில்லை. களிமண்ணைத் தடித்த திரிகளாக உருட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக வளைத்து ஏற்றி, ஏற்றிய பகுதி இறுகிய பின்னரே அடுத்த பகுதியைச் சேர்த்து, பல நாள் பொறுமையில் உயர்த்திச் சூளையில் சுட்டு, சூடு முழுவதும் தணியும் முன்னர் உட்புறத்தில் தேன்மெழுகைத் தடவுகின்றனர். சில நூறு லிட்டர் கொள்ளும் கலங்களும் உண்டு. ஆள் உள்ளே இறங்கிக் கழுவக்கூடிய, சில ஆயிரம் லிட்டர் கொள்ளும் கலங்களும் உண்டு. வீட்டின் ஒயின் அறையான மரானியில் இக்கலம் கழுத்துவரை மண்ணில் புதைக்கப்பட்டு, அதன் பிறகு தலைமுறைகளுக்கு அதே இடத்தில் இருக்கிறது. கோடையிலும் பனிக்காலத்திலும் நிலத்தடி வெப்பம் அதிகம் மாறாததால், நொதிக்கும் சாறு அளவுக்கு மீறிக் கொதித்துவிடாமல் மண் பார்த்துக்கொள்கிறது; அடி கூம்பியிருப்பதால் விதைகளும் வண்டலும் அங்கே போய் ஒடுங்கிவிடுகின்றன.

ருத்வேலி எனப்படும் அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடக்கிறது. உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிப் பறித்த குலைகளை, பழைய முறைப்படி, ஒரு பெரிய மரத்தைக் குடைந்து செய்த தொட்டியில் இட்டுக் காலால் மிதிக்கின்றனர். சாறும், தோலும் விதையும் சேர்ந்த சாச்சா எனப்படும் சக்கையும் கலத்துக்குள் போகின்றன. வெளியிலிருந்து எந்த ஈஸ்ட்டும் சேர்க்கப்படுவதில்லை. பழத்தின் தோலிலும் மரானியின் காற்றிலும் கலத்திலும் ஏற்கெனவே இருக்கும் ஈஸ்ட்டே வேலையைத் தொடங்குகிறது. நொதிக்கும் நாள்களில் மேலே மிதந்து வரும் சக்கையை ஒரு நாளைக்குப் பல முறை கோலால் அமுக்கி விட வேண்டும். இரவிலும் எழுந்து பார்ப்பதுண்டு. பின்னர் சக்கை தானாகவே கீழே அமிழ்கிறது. வெள்ளைத் திராட்சையானால் சக்கையோடு மாதக்கணக்கில் விட்டுவைப்பதும், சிவப்பானால் சில வாரங்களில் சக்கையிலிருந்து பிரித்து வேறொரு கலத்துக்கு மாற்றுவதும் ககேத்தியில் பரவலான வழக்கம். அதன் பிறகு வாயில் மூடியை வைத்து, சுற்றிலும் களிமண்ணை அப்பி, காற்றுப் புகாமல் அடைத்துவிடுகின்றனர். கலம் வசந்த காலத்தில்தான் திறக்கப்படும். இடைப்பட்ட மாதங்களில் குடும்பத்தார் செய்வதற்கு ஒன்றும் இல்லை. செய்யக்கூடாது என்பதே அப்போது தொழிலின் விதி.

இனிப்பில்லாத தன்மை, அதாவது வணிக வழக்கில் டிரை என்று சொல்லப்படுவது, இந்த விதியோடு நெருங்கிய தொடர்புடையது. திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் உண்டு, அதனை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதே நொதித்தல். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும் என்ற கணக்கின்படி, லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை உடைய நன்கு பழுத்த சாப்பெராவிச் சாறு, தடையின்றி நொதித்தால் 13 சதவீதத்தை ஒட்டிய ஒயினாகிறது. அப்போது எஞ்சும் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதே சாப்பெராவியிலிருந்து கின்ட்ஸ்மராவுலி என்னும் புகழ்பெற்ற அரை இனிப்பு ஒயினும் ஆக்கப்படுகிறது. அதற்கோ, சர்க்கரை முழுவதும் தீரும் முன்னர் சாற்றைக் குளிர்வித்து நொதித்தலை நடுவில் நிறுத்த வேண்டும். எனவே இனிப்பு எஞ்சிய ஒயினில் மனிதரின் ஒரு தீர்மானம் குறுக்கே நிற்கிறது; இனிப்பு எஞ்சாத ஒயின், தன் முடிவைத் தானே எட்டும்வரை விட்டுவைக்கப்பட்ட ஒன்று. சுவையில் எது மேல் என்று இதனால் முடிவுகட்ட முடியாது. ஆயினும் மனிதச் செயலின் எல்லையைப் பற்றிச் சிந்திப்பவருக்கு இந்த வேறுபாடு மிகவும் பொருளுடையது.

நொதித்தலை நிகழ்த்துவது உயிருள்ள ஈஸ்ட்தான் என்பதை லூயி பாஸ்டர் 1850களின் பிற்பகுதியிலிருந்து தொடர் ஆய்வுகளால் நிலைநாட்டினார். ஒயினைப் பற்றிய அவருடைய நூல் 1866இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகள், தங்கள் கலத்துக்குள் வேலை செய்வது எது என்று அறியாமலேயே அக்குடும்பங்கள் அந்த வேலைக்கு இடம் கொடுத்து வந்துள்ளன. தங்களால் நிகழ்த்த முடியாத ஒன்று நிகழ்வதற்கான நிலைமைகளை மட்டும் தங்களால் அமைக்க முடியும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தனர். இந்த அறிவை அறியாமை என்று தள்ளிவிடுவது பிழையாகும். செயலுக்குரிய முகவர் யார் என்பதை நுண்ணோக்கி பின்னாளில் காட்டித் தந்தது. ஆனால் அந்தச் செயல் தம்முடையது அன்று என்பதை மரானியில் நின்றவர்கள் நுண்ணோக்கி இல்லாமலேயே உணர்ந்திருந்தனர்.

இங்கே இரண்டு தவறான முடிவுகளுக்கு வழி இருக்கிறது. ஒயினை ஆக்கியவர் மனிதரே, ஈஸ்ட்டும் மண்ணும் அவருடைய கருவிகள் என்பது ஒன்று. இயற்கையே ஒயினை ஆக்குகிறது, மனிதர் வெறும் பார்வையாளர் என்பது மற்றொன்று. இயற்கை ஒயின் என்ற பெயரில் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள ஆர்வம் இரண்டாவது முடிவை நோக்கிச் சாய்கிறது. ஆனால் யாரும் கவனிக்காமல் விடப்பட்ட திராட்சைச் சாறு ஒயினாக நிற்பதில்லை. காற்றுப்பட்டால் அசிட்டிக் பாக்டீரியா அதனைப் புளிக்காடியாக மாற்றிவிடுகிறது. கலம் தூய்மையாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பழமானாலும் பயனில்லை. காலியான க்வெவ்ரியைச் செர்ரி மரப்பட்டையால் செய்த தேய்ப்பானால் மீண்டும் மீண்டும் தேய்த்து, சுண்ணாம்பிட்டு, வெந்நீரும் தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றிக் கழுவும் வேலை இத்தொழிலிலேயே கடுமையானது. கலத்தைத் திறக்காத மாதங்கள் வெறுமையாக இருப்பது, திறந்திருந்த மாதங்களில் செய்யப்பட்ட உழைப்பினால்தான். கலை, இயற்கையால் முடிக்க இயலாததை முடித்து வைக்கிறது என்றும் இயற்கையைப் பின்பற்றுகிறது என்றும் அரிஸ்டாட்டில் தம்முடைய இயற்பியல் நூலில் வகுத்த கருத்து இங்கே பாதியளவே பொருந்துகிறது. ஏனெனில் க்வெவ்ரியில் முடித்து வைப்பது இயற்கை, தொடங்கி வைப்பதும் காத்து நிற்பதுமே கலை.

மனிதச் செயலும் மனிதருக்கு அப்பாற்பட்ட செயலும் ஒரே விளைவில் எவ்வாறு கூடுகின்றன என்ற இந்தக் கேள்விக்காகத் தம் உடலையே கொடுத்த ஒருவர் ஜார்ஜிய மண்ணில் உயிர் நீத்தார். அவர் 'விசுவாச அறிக்கையாளர்' என்று அழைக்கப்படும் புனித மாக்சிமஸ். ஏழாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிள் அரசவை, கிறிஸ்துவில் இறைத்தன்மை, மனிதத்தன்மை ஆகிய இரு இயல்புகள் இருந்தாலும் சித்தம் ஒன்றே என்ற கோட்பாட்டை ஆதரித்தது. பிளவுபட்ட திருச்சபைகளை இணைக்க இந்தச் சமரசம் உதவும் என்பது அரசின் கணக்கு. மாக்சிமஸ் இதனை ஏற்க மறுத்தார். மனிதருக்குரிய சித்தம் இல்லாத மனிதத்தன்மை முழுமையானதாகாது என்றும், கிறிஸ்துவில் இரண்டு சித்தங்களும் இரண்டு செயல்பாடுகளும் இருந்தன என்றும், மனித சித்தம் அழிக்கப்படாமல் தானாகவே இசைந்து இறைச்சித்தத்தோடு ஒன்றியது என்றும் அவர் வாதிட்டார். அதற்காக 662ஆம் ஆண்டில் அவருடைய நாவும் வலக்கையும் வெட்டப்பட்டு, இன்றைய மேற்கு ஜார்ஜியாவில் அடங்கும் லாசிகாவுக்கு அவர் நாடு கடத்தப்பட்டதாகத் திருச்சபை மரபு கூறுகிறது. அதே ஆண்டில் அங்கேயே அவர் இறந்தார். 680, 681ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோப்பிளில் கூடிய பொதுச் சங்கம் அவர் நிலைநாட்டிய கருத்தையே திருச்சபையின் போதனையாக அறிவித்தது.

மாக்சிமஸின் சிந்தனையில் கவனிக்க வேண்டியது, இரண்டு செயல்பாடுகளும் ஒன்றையொன்று குறைப்பதில்லை என்பதாகும். ஒரு வண்டியை இழுக்கும் இரண்டு மாடுகளில் ஒன்று அதிகம் இழுத்தால் மற்றொன்றுக்குச் சுமை குறையும். இறைச்செயலுக்கும் மனிதச் செயலுக்கும் உள்ள உறவை இவ்வாறு பங்கு பிரிக்க முடியாது. இறைவன் முழுவதும் செய்கிறார், மனிதரும் முழுவதும் செய்கிறார், ஆனால் இருவரும் செய்வது ஒரே தளத்தில் அன்று. கிழக்குத் திருச்சபை இதனைச் சினெர்கியா, அதாவது உடன்செயல், என்ற சொல்லால் குறிக்கிறது. தோட்டத்தைக் கவாத்து செய்தவர், கலத்தைத் தேய்த்துக் கழுவியவர், இரவில் எழுந்து சக்கையை அமுக்கியவர் தம் வேலையை முழுவதுமாகச் செய்துள்ளார். அந்த வேலையால் ஒரு துளி சர்க்கரையும் ஆல்கஹாலாக மாறவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்த இரண்டையும் ஒருங்கே ஏற்பவரால் மட்டுமே, விளைந்த பொருளைப் பொய் இல்லாமல் காணிக்கையாக வைக்க முடியும்.

ஈஸ்ட்டின் செயலே இறைச்செயல் என்று இதனால் பொருள்கொள்ளக்கூடாது. ஈஸ்ட் ஓர் உயிரி. அதன் வேதியியல் முழுவதும் விளக்கப்பட்டுள்ளது. விளக்க முடியாத இடத்தில்தான் இறைவன் இருப்பார் என்று தேடும் பக்தி, அறிவியல் வளர வளரச் சுருங்கிப்போகும் பலவீனமான பக்தியாகும். இத்தொழில் இறைவனின் இருப்புக்குச் சான்று தருவதில்லை. ஒருவர் தம்முடைய செயலுக்கு எல்லை உண்டு என்பதை ஆண்டுதோறும், உடலால், உழைப்பின் நடுவிலேயே கற்றுக்கொள்ளும் ஒரு பயிற்சியைத் தருகிறது. நம்பிக்கை உடையவரிடத்தில் அந்தப் பயிற்சி வழிபாடாகக் கனிகிறது.

அவ்வாறு கனிந்த வடிவமே ஸெதாஷே என்னும் வழக்கம். அறுவடையின் நல்ல சாற்றில் ஒரு பகுதியைத் தனிக் கலத்தில் இட்டு, அதனைத் திருவிருந்துக்கும், புனிதரின் திருநாளுக்கும், இறந்தோர் நினைவுக்கும் என்று நேர்ந்து வைப்பதே இது. திருவிருந்து என்பது கிறிஸ்துவின் இறுதி உணவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் படைத்து உண்ணும் வழிபாடு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அதில் புளித்த மாவின் அப்பத்தையும் சிவப்புத் திராட்சரசத்தையும் பயன்படுத்துகிறது. ஜார்ஜியர் நான்காம் நூற்றாண்டில் கிறித்தவத்தை ஏற்றபோது அதனைக் கொண்டுவந்த புனித நினோ, திராட்சைக் கொடியாலான சிலுவையைத் தம் கூந்தலால் கட்டி ஏந்தி வந்தார் என்பது அந்நாட்டு மரபு. பழைய கோயில் சுவர்களில் திராட்சைக் கொடியும் குலையும் செதுக்கப்பட்டிருப்பதும், பதினோராம் நூற்றாண்டுப் பேராலயத்தை உடைய அலவெர்தி மடத்தில் பழைய மரானி சீரமைக்கப்பட்டு 2006 முதல் துறவியர் மீண்டும் க்வெவ்ரியில் ஒயின் ஆக்கி வருவதும் இந்த உறவின் வெளிப்படையான அடையாளங்கள். ஆனால் வீட்டு மரானியில் ஒதுக்கப்பட்ட அந்த ஒரு கலம், கோயிற்சுவரின் சிற்பத்தைவிட ஆழமான ஒன்றைச் சொல்கிறது.

ஸெதாஷேயும் குடும்பத்தின் உணவு மேசைக்கு வரும் ஒயினும் ஒரே தோட்டத்துப் பழம். ஒரே மண்ணில் ஒரே முறையில் ஆனவை. பிழிந்து பார்த்தாலும் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினாலும் புனிதத்துக்கென்று தனியான ஒரு பொருளை எவராலும் காட்ட முடியாது. அப்படியானால் அந்தக் கலம் எதனால் வேறாகிறது? கலத்தின் மீது குடும்பத்துக்கு இருந்த உரிமை அப்படியே இருக்க, பயன்படுத்தும் கை மட்டும் விலக்கிக்கொள்ளப்பட்டதால் வேறாகிறது என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. நொதிக்கும் கலத்தை மூடும்போது செய்த அதே செயலை, நேர்ந்த கலத்தின் மீது குடும்பம் இரண்டாம் முறை செய்கிறது. முதல் விலகல் ஒயின் உண்டாவதற்கு இடம் தருகிறது. இரண்டாம் விலகல் ஒயின் காணிக்கையாவதற்கு இடம் தருகிறது.

இந்தச் சிந்தனைக்கு விவிலியத்திலேயே பழைய வேர் இருக்கிறது. லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம், புதிதாக நட்ட பழமரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் தொடக்கூடாது, நான்காம் ஆண்டின் கனி கர்த்தருக்கு உரியது, ஐந்தாம் ஆண்டிலிருந்தே உண்ணலாம் என்று விதிக்கிறது. அதே அதிகாரம், திராட்சைத் தோட்டத்தை ஒட்டப் பறிக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கவும் சொல்கிறது. இரண்டு விதிகளும் ஒரே இடத்தில் வருவது தற்செயலானதாக இருக்க முடியாது. இறைவனுக்கு விடுவதும் இல்லாதவருக்கு விடுவதும் அங்கே ஒரே வகைச் செயல். இரண்டிலும் உரிமையாளர், எடுக்க முடிந்ததை எடுக்காமல் இருக்கிறார்.

திருவிருந்து வழிபாட்டின் உச்சக்கட்டத்திலும் இதே அமைப்பைக் காணலாம். மேற்குத் திருச்சபையின் இடைக்கால இறையியல், குரு உரைக்கும் கிறிஸ்துவின் சொற்களால் அப்பமும் இரசமும் மாற்றம் பெறுகின்றன என்று வலியுறுத்தியது. கிழக்குத் திருச்சபையோ எபிக்லேசிஸ் என்னும் மன்றாட்டுக்கு, அதாவது தூய ஆவியானவர் இறங்கி வந்து இக்காணிக்கைகளை மாற்ற வேண்டும் என்று வேண்டும் இறைவேண்டலுக்கு, முதன்மை தருகிறது. குரு அங்கே மாற்றுவதில்லை, வேண்டிக்கொள்கிறார். மரானியில் குடும்பத்தலைவர் கலத்தை மூடிவிட்டு நிற்பதும், பலிபீடத்தின் முன் குரு வேண்டிவிட்டு நிற்பதும் ஒரே மனநிலையின் இரு நிலைகள். முன்னது இல்லாமல் பின்னது வெறும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு என்றுகூடச் சொல்லலாம். தம் உழைப்பின் மீது எல்லை கண்டறியாத ஒருவருக்கு, வழிபாட்டில் மட்டும் திடீரென்று எல்லை புலப்பட்டுவிடாது.

இதற்கு எதிரான வலுவான தடை ஒன்று உண்டு. அறிவை மயக்கும் ஒரு பொருள் எவ்வாறு புனிதக் காணிக்கையாக முடியும்? இஸ்லாம் மதுவை விலக்கியது. பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் அதனைத் தவிர்க்கச் சொல்கிறது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த குறளைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தத் தடை இயல்பாகவே எழும். அதனை மழுப்பிக் கடந்துபோவது நேர்மையாகாது. ஜார்ஜிய விருந்து மரபில் தமதா எனப்படும் விருந்துத் தலைவர் ஒவ்வொரு முறை கோப்பை உயர்த்தும்போதும் இறைவனையும் அமைதியையும் முன்னோரையும் இறந்தோரையும் நினைவுகூர்ந்து உரையாற்றுகிறார் என்றும், அந்த ஒழுங்கு குடியைக் கட்டுப்படுத்துகிறது என்றும் சொல்லப்படுவதுண்டு. ஆனால் உரைகள் பெருகினால் கோப்பைகளும் பெருகும் என்பதால் இந்த வாதம் போதாது. விவிலியமே, முதல் திராட்சைத் தோட்டத்தை நட்டவராகச் சொல்லும் நோவாவை, அடுத்த வரியிலேயே குடித்து நிலை தடுமாறியவராகக் காட்டுகிறது. ஸெதாஷே மதுவின் தீமையை மறுக்கவில்லை. மனிதரை ஆளக்கூடிய ஒரு பொருளை மனிதர் ஆள்வது, அதில் ஒரு பகுதியையேனும் தொடாமல் வைத்திருக்க முடிவதால்தான் நிரூபணமாகிறது என்று மட்டும் அது காட்டுகிறது. ஒதுக்கிய கலத்தைத் திருநாளுக்கு முன்னரே திறந்து குடித்துவிடும் வீட்டில் காணிக்கையும் இல்லை, தன்னடக்கமும் இல்லை.

இத்தொழிலின் நவீன வரலாறு கை விலகாத தன்மையின் வரலாறாகவே பெரும்பாலும் இருந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பிய முறைகள் வேகமாகப் பரவியபோது, எழுத்தாளரும் பொதுவாழ்வுத் தலைவருமான இலியா சாவ்சாவாத்ஸே 1887இல் ஜார்ஜிய முறையில் ஒயின் ஆக்குவதைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதி, திராட்சைச் சாற்றில் வேறு பொருள்களைக் கலந்து திருத்தும் போக்கை எதிர்த்து, பழத்திலிருந்து வந்ததை மட்டுமே கொண்ட ஒயினுக்காக வாதாடினார். 1907இல் கொல்லப்பட்ட அவரை ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1987இல் புனிதராக அறிவித்தது. ஒயின் தொழிலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஒருவர் புனிதர் வரிசையில் இருப்பது, அந்நாட்டில் இந்தக் கேள்வி தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதைக் காட்டுகிறது.

1921இல் சோவியத் படைகள் நாட்டைக் கைப்பற்றிய பின்னர் கோயில்கள் மூடப்பட்டன, நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாயின, அரசு ஆலைகள் அதிக விளைச்சல் தரும் சில திராட்சை வகைகளையே முன்னிறுத்தின. க்வெவ்ரி முறை வீடுகளுக்குள் ஒதுங்கி, குடும்பத் தேவைக்கான சிறு அளவில் உயிர் பிழைத்தது. 1985இல் தொடங்கிய, சோவியத் தலைவர் கோர்பசேவின் மது எதிர்ப்பு இயக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் பல பிடுங்கப்பட்டன. 2006இல், அதுவரை மிகப் பெரிய சந்தையாக இருந்த ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. 2013 வரை நீடித்த அந்தத் தடை பெருந்துன்பத்தை விளைவித்தாலும், அளவைவிடத் தரத்தை மதிக்கும் வேறு சந்தைகளை நோக்கித் தொழிலைத் திருப்பியது. அதே 2013இல் யுனெஸ்கோ க்வெவ்ரி ஒயின் முறையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வீட்டுத் தேவைக்கு ஆக்கி வந்த குடும்பங்கள் பல இன்று தங்கள் பெயரை ஒட்டிய புட்டிகளில் சாப்பெராவியைத் தொலைநாடுகளுக்கு அனுப்புகின்றன.

விற்பனை தன்னளவில் இந்த மரபுக்குப் பகையன்று. தோட்டத்தில் உழைத்தவர் தம் உழைப்பால் வாழ வேண்டும். வறுமையில் அழியும் மரபைவிட நியாயமான விலையில் வாழும் மரபு மேலானது. பகையாவது, ஒதுக்கி வைத்ததன் பெயரையே விலைக்குக் கொண்டுவரும் போக்கு. எட்டாயிரம் ஆண்டுத் தொன்மையும் மடங்களின் புகழும் காணிக்கைக் கலத்தின் பெயரும் புட்டியின் மேல் அச்சாகி வரும்போது, வாங்குபவர் பெறுவது கை விலகிய ஒன்றின் மீது மீண்டும் கை வைத்த ஒரு பொருளையே. எதையும் விலையிலிருந்து விலக்கத் தெரியாத சந்தை, விலக்கப்பட்டது என்ற அந்தத் தன்மையையே மிகுந்த விலைக்கு விற்றுவிடுகிறது. காணிக்கை பற்றிய பழைய கேள்வி நம் காலத்தில் இந்த வடிவத்தில்தான் வந்து நிற்கிறது.

ஆகவே ஒரு குடும்ப ஒயின் மரபு உண்மையில் தொடர்கிறதா என்பதைக் கலத்தின் வயதைக் கொண்டோ முறையின் தூய்மையைக் கொண்டோ முடிவுசெய்ய இயலாது. முன்னோர் புதைத்த க்வெவ்ரியில், முன்னோர் நட்ட கொடியின் பழத்தை இட்டு, பழைய விதிகள் அனைத்தையும் பிசகாமல் கடைப்பிடித்து, கடைசித் துளிவரை விற்றுத் தீர்க்கும் வீடு, தொழிலைக் காப்பாற்றியிருக்கிறது, மரபை இழந்துவிட்டது. வறுமையாலோ இடம்பெயர்வாலோ எஃகுத் தொட்டிக்கு மாற நேர்ந்து, ஆனாலும் ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் திருநாளுக்கும் இறந்தோருக்கும் இல்லாதவருக்கும் என்று நேர்ந்து வைக்கும் வீடு அம்மரபுக்குள்ளேயே இருக்கிறது.